சண்டே மேட்ச் ஆடுறீங்களா? முட்டி, முதுகு பத்திரம்! பந்து போடும் முன் 15 நிமிஷம் இதை செய்ங்க

சேலம்:

வாரம் பூரா வேலை. ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னா டென்னிஸ் பால் டோர்னமெண்ட். சேலம், நாமக்கல் மாவட்ட கிராமங்களில் இளவட்டங்களின் பொழுதுபோக்கு இதுதான். ஆனா மேட்ச் முடிஞ்ச மறுநாள் முட்டியை பிடிச்சுக்கிட்டு, இடுப்பை பிடிச்சுக்கிட்டு வேலைக்கு லீவு போடுறவங்க பல பேர். தினக்கூலிக்கு போறவங்களுக்கு லீவு போட்டா சம்பளம் கட்!

ஏன் இப்படி ஆகுது? தறி ஓட்டுறவங்க மணிக்கணக்கா நிக்கிறாங்க. கொலுசு பட்டறையில் நாள் முழுக்க குனிஞ்சே வேலை. லாரி டிரைவர்கள் உட்கார்ந்தே இருக்காங்க. ஒரே மாதிரி இருக்கிற உடம்பு இறுகிப் போயிடும். அதே உடம்போடு ஞாயித்துக்கிழமை காலையில் மைதானத்துக்கு போய், எடுத்த எடுப்பிலேயே முழு வேகத்தில் பந்து போட்டா என்ன ஆகும்?

வேகமா ஓடி வந்து பந்தை விடும்போது, முன்னால ஊன்றுற காலில் உடம்பு எடையைப் போல பல மடங்கு பாரம் விழுது. கணுக்கால் மடங்கலைன்னா அந்த அடி முட்டிக்கு போகும். நடு முதுகு திரும்பலைன்னா கீழ் முதுகு அதிகமா முறுக்கும். அதாவது ஒரு மூட்டு வேலை செய்யலைன்னா பக்கத்து மூட்டுதான் அடி வாங்கும்.

நடராஜனுக்கும் முட்டி ஆபரேஷன்

நம்ம சின்னப்பம்பட்டி நடராஜனையே எடுத்துக்குங்க. கூலித் தொழிலாளி மகன். டென்னிஸ் பாலில் ஆரம்பிச்சவர். 2020-21 ஆஸ்திரேலியா பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூணு வகை மேட்சிலும் இந்தியாவுக்காக அறிமுகம் ஆனார். சில மாசத்திலேயே முட்டி காயம். ஐ.பி.எல். பாதியில் விலகி, 2021 ஏப்ரலில் ஆபரேஷன் செஞ்சுக்கிட்டார். அப்புறம் 2022 ஐ.பி.எல்.லில் 18 விக்கெட் எடுத்தார்.

பும்ராவுக்கு முதுகு காயம். 2022 டி20 உலக கோப்பையில் ஆட முடியலை. 2023 மார்ச்சில் ஆபரேஷன், ஆகஸ்டில்தான் திரும்பி வந்தார். கூடவே டாக்டர், பிசியோதெரபிஸ்ட் இருக்கிறவங்களுக்கே இந்த நிலைமை. நம்ம ஊர் பவுலருக்கு யார் இருக்கா? அவரேதான் பாத்துக்கணும்.

15 நிமிஷம் போதும்

* முதல் 5 நிமிஷம் மைதானத்தை சுத்தி மெதுவா ஓடுங்க. லேசா வேர்க்கணும்.

* கணுக்கால்: சுவரை பார்த்து நில்லுங்க. கால் விரலுக்கும் சுவருக்கும் நாலு விரல் இடைவெளி. குதிகாலை தூக்காம முட்டியால சுவரை தொடுங்க. ஒவ்வொரு காலுக்கும் 10 தடவை.

* இடுப்பு: எதையாவது பிடிச்சுக்கிட்டு காலை முன்னும் பின்னும் 10 தடவை, பக்கவாட்டில் 10 தடவை வீசுங்க.

* நடு முதுகு: கை, முட்டி ரெண்டையும் தரையில் ஊன்றுங்க. ஒரு கையை பிடரியில் வச்சு, முழங்கை வானத்தை பார்க்கிற மாதிரி திரும்புங்க. பக்கத்துக்கு 8 தடவை.

* தோள்பட்டை: கையை முதலில் சின்ன வட்டமா, அப்புறம் பெரிய வட்டமா சுத்துங்க.

* கடைசியா 6 பந்து பாதி வேகத்தில். இன்னும் 6 பந்து முக்கால் வேகத்தில். அதுக்கப்புறம்தான் முழு வேகம்.

ஒரே இடத்தில் நின்னு ரொம்ப நேரம் இழுத்து பிடிக்கிற பயிற்சியை மேட்ச் முடிஞ்ச பிறகு வச்சுக்குங்க. வார நாளில் தோப்புக்கரணம், குதிகாலை தூக்கி இறக்குறது, ஒத்தக் காலில் நிக்கிறது, இந்த மூணையும் செஞ்சா கால் பலமாகும்.

இதெல்லாம் வேலைக்கு ஆகுமான்னு கேக்குறீங்களா? கால்பந்து வீரர்களுக்காக ஃபிஃபா 20 நிமிஷ பயிற்சி ஒண்ணு உருவாக்குச்சு. ஒழுங்கா செஞ்ச அணிகளில் காயம் மூணில் ஒரு பங்குக்கு மேல் குறைஞ்சதா ஆய்வுகள் சொல்லுது.

அடிபட்டா என்ன செய்யணும்?

உடனே ஆட்டத்தை நிறுத்துங்க. ஐஸ் கட்டியை துணியில் சுத்தி 15 நிமிஷம் வையுங்க. காலை உயரமா தூக்கி வையுங்க. முதல் 2 நாள் சூடு ஒத்தடம், எண்ணெய் போட்டு நீவுறது வேண்டாம். வீக்கம் அதிகமாயிடும்.

நாலு அடி கூட நடக்க முடியலையா? முட்டி மடக்க முடியாம மாட்டிக்கிச்சா? காலில் மரத்துப் போற மாதிரி இருக்கா? நீங்களே கட்டு போட்டு சமாளிக்காதீங்க. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையிலோ, நாமக்கல் அரசு மருத்துவக்கல்லூரி மருத்துவமனையிலோ எலும்பு டாக்டரை பாருங்க.

பெற்றோர் கவனத்துக்கு: வளர்ற வயசு பையன் முதுகு வலிக்குதுன்னு சொன்னா சும்மா விடாதீங்க. தினமும் அதிக ஓவர் போடுற பசங்களுக்கு முதுகு எலும்பில் கீறல் விழ வாய்ப்பு இருக்கு. வலி போற வரைக்கும் பந்தை கையில் கொடுக்காதீங்க. டாக்டர் ஓ.கே. சொன்ன பிறகு ஆடட்டும்.