கல்குலேட்டர் விற்குமுன் பாடம் என்னவென்று கேளுங்கள்

கடந்த மாதம் ஆனையிறவில் ஒரு சிறிய கடைக்குக் கொப்பிகளும் பேனைகளும் இறக்கப் போயிருந்தேன். வானை நிறுத்திச் சாமானைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த வேளையில், உப்பளத்தில் நெடுங்காலம் வேலை செய்யும் ஒருவர் தன் மகளோடு சைக்கிளில் வந்தார். மகள் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு. கல்குலேட்டர் ஒன்று வேண்டும் என்றார்கள். கடைக்காரர் என்னைக் கைகாட்டினார். அந்தத் தகப்பன் என் பக்கம் திரும்பி, “நானா, எனக்கு இதுகளைப் பற்றி ஒண்டும் தெரியாது. பிள்ளைக்குச் சரிவாறதை நீங்களே எடுத்துத் தாங்கோ” என்றார்.

வியாபாரம் செய்யும் சகோதரர்களுக்கு இந்த வார்த்தையின் பாரம் தெரியும். ‘எனக்குத் தெரியாது, நீங்களே தாருங்கள்’ என்று ஒருவர் சொல்லிவிட்டால், அந்த நிமிடத்திலிருந்து அவருடைய பணம் நம் கையில் அமானிதம். அந்தப் பெட்டியில் மூன்று வகைக் கல்குலேட்டர்கள் இருந்தன. விலை கூடியதில்தான் எனக்கும் கடைக்காரருக்கும் லாபம் கூட. அதை நீட்டியிருந்தால் அவர் மறுபேச்சின்றி வாங்கியிருப்பார்.

நம்மில் பலர் புத்தகக் கடை, பன்சி கடை, போன் கடை என்று வைத்திருக்கிறோம். கிளிநொச்சிப் பக்கம் இந்தச் சாமானுக்கு இன்று நல்ல கிராக்கி இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் 2014இல் அறிவியல் நகரில் தொடங்கியது. விவசாய பீடமும் தொழில்நுட்ப பீடமும் அங்கேதான் இருக்கின்றன. 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனமும் அதே இடத்தில். வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. நாச்சிக்குடாவிலிருந்தும் நீராவிப்பிட்டியிலிருந்தும் நம் பிள்ளைகள் படிக்க வருகிறார்கள். தெற்கிலிருந்து சிங்களப் பிள்ளைகளும் ஏ9 வீதியால் வந்து இறங்குகிறார்கள். இவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு கடையில் நின்றுதான் கல்குலேட்டர் வாங்குகிறார்கள். ஆனால் எந்த மாதிரி எதற்கு என்று தெரிந்த கடைக்காரர்கள் குறைவு. நானும் பல வருடங்கள் தெரியாமலே விற்றவன்தான்.

முதலில் கேட்கவேண்டிய கேள்வி, ‘என்ன விலையில் பார்க்கிறீர்கள்?’ என்பதல்ல. ‘என்ன படிக்கிறீர்கள், எந்தப் பரீட்சை?’ என்பதுதான்.

சாதாரண தரக் கணிதப் பரீட்சைக்குக் கல்குலேட்டர் கொண்டுபோக முடியாது. மடக்கை அட்டவணைதான். பாடநூலில் கணிகருவியைப் பற்றிப் படிப்பிக்கிறார்கள், ஆனால் மண்டபத்துக்குள் அதற்கு இடமில்லை. ஆகவே பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைக்குப் பெரிய விலையில் ஒன்றை விற்பது வீண் செலவு. உயர்தரத்தில் பௌதிகவியல், இரசாயனவியல் படிப்பவர்களுக்கும் இதே கதைதான். வினாத்தாளின் முகப்பிலேயே கணிகருவி பயன்படுத்த இடமில்லை என்று அச்சடித்திருக்கும். எத்தனை பெற்றோர் இது தெரியாமல் விஞ்ஞானப் பிரிவுக்குப் போன மகனுக்கு விலைகூடிய ஒன்றை வாங்கிக் கொடுத்து மகிழ்கிறார்கள்! அதில் பழகிய பிள்ளை கையால் பெருக்கிப் பிரிக்கும் பழக்கத்தை இழந்து பரீட்சையில் தடுமாறுகிறது. இதைச் சொன்னால் ஒரு வியாபாரம் போகும். போகட்டும்.

தொழில்நுட்பப் பிரிவு வேறு. 2013இல் தொடங்கிய இந்தப் பிரிவில் நிரலிட முடியாத, அதாவது புரோகிராம் பண்ண முடியாத கல்குலேட்டருக்கு இடமுண்டு. லண்டன் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கும் தேவை. எப்படியும், பரீட்சைத் திணைக்களத்தின் அந்த வருட அறிவித்தலைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நமக்கும் பாதுகாப்பு.

இனி மாதிரிகள். சந்தையில் அதிகம் ஓடுவது கேசியோ என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். மற்றக் கம்பனிகளின் சாமானும் இதே வரிசையில்தான் அமைந்திருக்கும்.

எப்எக்ஸ்-82எம்எஸ் என்பது அடிமட்டம். 240 செயற்பாடுகள் கொண்டது. சைன், கோசைன், மடக்கை, அடுக்கு, மூலம், பின்னம், சராசரி, நியம விலகல் எல்லாம் வரும். உயர்தரத் தொழில்நுட்பத்துக்கும், பெரும்பாலான டிப்ளோமா பாடங்களுக்கும், விவசாய பீடத்தின் சாதாரணப் புள்ளிவிபரத்துக்கும் இது தாராளம். எப்எக்ஸ்-100எம்எஸ் இதற்கு ஒரு படி மேல். சிக்கலெண்களும் இரும எண்களும் வரும். மின்னியல் டிப்ளோமா செய்பவருக்குப் பொருந்தும்.

பொறியியல் பீடத்துப் பிள்ளை வந்தால் எப்எக்ஸ்-570 அல்லது 991 வரிசை. தாயம், காவி, தொகையீடு, சமன்பாடு தீர்த்தல் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. 570எம்எஸ்ஸுக்கும் 991எம்எஸ்ஸுக்கும் என்ன வித்தியாசம் என்று பலர் கேட்பார்கள். இரண்டிலும் அதே 401 செயற்பாடுகள்தான். 991இல் சூரியக் கண்ணாடி சேர்ந்திருக்கிறது, அவ்வளவே. ‘991 இஎஸ் பிளஸ்’ என்பதில் பின்னமும் வர்க்கமூலமும் புத்தகத்தில் எழுதியிருப்பது போலவே திரையில் தெரியும். 2015இல் வந்த கிளாஸ்விஸ் வரிசையின் 991இஎக்ஸ் 552 செயற்பாடுகள் கொண்டது, திரையும் தெளிவு. ஆனால் ‘552 இருக்கிறது, 240தான் இருக்கிறது’ என்று எண்ணைக் காட்டி விற்பது சரியான வழியல்ல. பிள்ளைக்குத் தேவையான முப்பதோ நாற்பதோ அதில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

எப்எக்ஸ்-3650பி, எப்எக்ஸ்-5800பி போன்றவை நிரலிடக்கூடியவை. இவற்றையும், வரைபு கீறும் பெரிய கல்குலேட்டர்களையும் பரீட்சைக்கென்று கேட்பவருக்கு விற்கவே கூடாது. மேற்பார்வையாளர் மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு போனால் பிள்ளையின் கதி என்ன?

வன்னியில் இன்னும் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கிறேன். வயது வந்தவர்கள் முதலில் கேட்பது, “இது வெயிலில் ஓடுமா?” என்பதுதான். அது காரணமில்லாமல் வந்த கேள்வியல்ல. 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் இந்தப் பகுதிக்குப் பற்றரி வருவது தடை. 2002இல் சமாதான ஒப்பந்தக் காலத்தில்தான் அது தளர்ந்தது. ஒரு சின்னப் பற்றரிக்கு அலைந்த சனங்களுக்குச் சூரியக் கண்ணாடி என்றால் ஒரு தெம்பு. 570, 991 எம்எஸ் மாதிரிகளுக்கு எல்ஆர்44 என்ற பொத்தான் பற்றரிதான் போடவேண்டும். கல்குலேட்டர் விற்கும் கடையில் ஒரு அட்டை எல்ஆர்44 இருக்கட்டும். பரீட்சைக்கு முதல்நாள் மாலை அதைத் தேடி வரும் பிள்ளைக்கு அந்தச் சின்ன வட்டம் தங்கத்துக்குச் சமன்.

சூரியக் கண்ணாடியைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு நேர்ந்த ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். சொல்ல வெட்கம்தான்.

2022ஆம் ஆண்டு மார்ச் ஆரம்பத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதமளவில் 360 வரை போனது எல்லோருக்கும் ஞாபகமிருக்கும். அசல் கல்குலேட்டரின் விலை எட்டாத உயரத்துக்குப் போனது, சாமானும் கிடைக்கவில்லை. அந்த நேரத்தில் கொழும்பில் ஒரு மொத்த வியாபாரி 991 மாதிரியை அசல் விலையில் மூன்றிலொரு பங்குக்குத் தருவதாகச் சொன்னார். பழைய ஸ்டொக் என்றார். பெட்டி அசல் போலவே இருந்தது. என் மனம் ஒரு கேள்வி கேட்டது. நான் அதை அடக்கிவிட்டு இரண்டு டசின் எடுத்தேன்.

ஏழு விற்றுப்போன பிறகு ஒரு மாணவன் திரும்பி வந்தான். சமன் பொத்தான் அழுத்தினால் உள்ளே போய்விடுகிறது, எழுத்துகள் விரலோடு வருகின்றன என்றான். முகத்தைச் சுளிக்காமல் வேறொன்று கொடுத்தேன். அவன் போன பிறகு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பின்பக்கத்தைத் திறந்தேன். சூரியக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கம்பிகூட இல்லை. வெறும் நிறக் கண்ணாடித் துண்டைப் பசைபோட்டு ஒட்டியிருந்தார்கள். மாற்றிக் கொடுத்ததும் அதே பெட்டிச் சாமான்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

தானியக் குவியலுக்குள் ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்த சம்பவத்தைச் சிறுவயதில் மத்ரஸாவில் ஓதியவர்கள் நாம். மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். மழை பட்டுவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் சனங்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாமே என்று நபியவர்கள் கேட்டார்கள். அந்த ஈரத் தானியம் என் கடை அலுமாரியில் பதினாறு பெட்டிகளாக அடுக்கியிருந்தது.

கடை வாசலில் ஒரு அறிவித்தல் ஒட்டினேன். ஏழு பேரில் ஐந்து பேர் வந்தார்கள், காசைக் கொடுத்தேன். இரண்டு பேர் இன்றுவரை வரவில்லை. அவர்கள் யார், எந்தப் பரீட்சையில் அதைக் கொண்டுபோய் வைத்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. மொத்த வியாபாரி தொலைபேசியை எடுக்கவில்லை. பக்கத்து ஊரில் ஒருவர் மிச்சத்தை அரை விலைக்குத் தாருங்கள், நான் விற்றுக்கொள்கிறேன் என்றார். கொடுக்கவில்லை, உடைத்துக் குப்பையில் போட்டேன். அந்த நட்டம் அந்த வருடத்தில் சிறியதல்ல.

ஒரு விஷயத்தில் சகோதரர்கள் குழம்பக்கூடாது. தன் சொந்தப் பெயரில், மலிவு விலையில் வரும் கல்குலேட்டரை விற்பதில் தவறேதுமில்லை. இது இன்ன கம்பனி, இவ்வளவுதான் உழைக்கும் என்று சொல்லி விற்கலாம். ஏழைப் பிள்ளைக்கு அது உதவி. இன்னொருவர் பெயரைத் திருடி அச்சடித்த சாமான்தான் பிரச்சினை. மார்க்கத்தை விடுங்கள், நாட்டுச் சட்டமும் விடாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டமும், அதே ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும் இருக்கின்றன. எனக்குத் தந்தவர் சொன்னார், நான் விற்றேன் என்பது கடைக்காரரைக் காப்பாற்றிவிடும் என்று நினைக்கவேண்டாம். முகவரின் பெயருள்ள பற்றுச்சீட்டு இல்லாமல் கல்குலேட்டர் வாங்குவதை நான் அன்றோடு நிறுத்திவிட்டேன்.

சாமானைக் கையில் எடுத்தால் நான் இப்போது செய்வது இதுதான். பொத்தான்கள் ஒரே மாதிரி எழும்புகின்றனவா, குலுக்கினால் கிலுகிலுக்கிறதா என்று பார்ப்பேன். சூரியக் கண்ணாடியைக் கையால் மூடித் திறந்து பார்ப்பதில் பயனில்லை, உள்ளே பற்றரி இருந்தால் எப்படியும் ஓடும். சந்தேகமான ஸ்டொக் என்றால் ஒன்றைத் திறந்து பார்த்துவிடுங்கள். ஒன்று போனால் போகட்டும்.

பிறகு சைன் 30 அழுத்துவேன். 0.5 வரவேண்டும். வேறு ஏதாவது வந்தால் உடனே பழுது என்று முடிவு கட்டவேண்டாம். திரையில் டி என்ற எழுத்துக்குப் பதில் ஆர் நின்றால் ஆரையன் கணக்கில் மறை 0.988 வரும், ஜி நின்றால் 0.454 வரும். பழுதென்று திருப்பிக் கொண்டுவருவதில் கணிசமானவை பழுதே இல்லை, இந்த எழுத்து மாறியிருப்பதுதான். விற்கும்போதே பிள்ளைக்கு இதைக் காட்டிவிட்டால் உங்களுக்கும் தலையிடி இல்லை, பரீட்சை மண்டபத்தில் பிள்ளைக்கும் தலையிடி இல்லை.

ஆனையிறவில் அந்தப் பிள்ளையிடம் என்ன பாடம் என்று கேட்டேன். பொறியியல் தொழில்நுட்பம் என்றது. 82எம்எஸ்ஸை எடுத்துக் கொடுத்தேன். பல்கலைக்கழகம் போனால் அப்போது பெரியதை வாங்கலாம், இப்போது அதற்கு வேலையில்லை என்று தகப்பனிடம் சொன்னேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். சைன் 30 போட்டுக் காட்டி, டி எழுத்தைச் சொல்லிக் கொடுத்தேன்.

“டிகிரி எண்டால் எங்கட உப்பு டிகிரியோ?” என்று தகப்பன் கேட்டார். உப்பளத்தில் நீரின் செறிவைப் போமே டிகிரியில்தான் அளக்கிறார்கள். கடல் நீர் மூன்று சொச்சம். இருபத்தைந்து வரும்போது உப்பு விளையும். அது வேறு டிகிரி என்று பிள்ளை சிரித்தது. அதற்கும் கணக்கு இருக்கிறது என்று நான் சொன்னேன்: 145இலிருந்து டிகிரியைக் கழித்து, வருவதால் 145ஐப் பிரித்தால் நீரின் தன்னீர்ப்பு வரும். பிள்ளை 25ஐப் போட்டு அழுத்தியது. 1.208 என்று வந்தது. தகப்பன் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, “அது பாத்தியில நிண்டு பார்த்தாலே எனக்குத் தெரியும்” என்று சொல்லிக் காசை எண்ணித் தந்தார்.