கொள்ளைநோயும் மனோவியாதி ஆஸ்பத்திரியும்

கொள்ளைநோய்க் காலத்தில் மனோவியாதிக்காக ஆஸ்பத்திரியிற் சேர்வோர் தொகை பெருகும் என்று கருதுவது இயல்பு. 2020-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில், கொரோனாத் தொற்று மிகக் கடுமையாய்ப் பரவிய இத்தாலியின் லொம்பார்டி மாகாணத்தில், அத்தொகை முந்திய வருஷத்தைவிடக் குறைந்தது. வியாதி குறைந்தது என்று இதற்குப் பொருளன்று. ஊரடங்கினால் நடமாட்டம் நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போனால் தொற்றிக்கொள்ளும் என்று ஜனங்கள் அஞ்சினர். மனோவியாதிப் படுக்கைகளிற் சில தொற்று நோயாளிகளுக்கு விடப்பட்டன. முக்கியமாய்க் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு: குறைந்தவர்கள் தாமாக வந்து சேர்வோரே, சட்டப்படி கட்டாயமாகச் சேர்க்கப்பட்டோர் தொகை அவ்வாறு குறையவில்லை. பிறர் கண்டு அஞ்சுமளவுக்கு வியாதி முற்றியவர்கள் எப்படியும் கொண்டுவரப்பட்டார்கள். உணவும் உறக்கமுமின்றி மூலையில் ஒடுங்கியிருந்தோர் வீட்டிலேயே தங்கிவிட்டிருக்கக்கூடும். கதவு சாத்தியிருந்த அந்நாட்களில் அவர்கள் நிலையை வீட்டாரன்றி வேறெவரும் அறிய வழியில்லை.