தண்ணீர்ப் பந்தலில் டேங்கர் லாரிகள்

இலவசமாகத் திறந்து வைத்த சாஃப்ட்வேர் சர்வர்கள் ஏ.ஐ. பசியில் மூச்சுத் திணறுகின்றன

வழிப்போக்கருக்காகப் போட்ட தண்ணீர்ப் பந்தல் முன் டேங்கர் லாரிகள் வரிசை கட்டி நின்றால்? 'ஓப்பன் சோர்ஸ்' சாஃப்ட்வேர் உலகுக்கு நேர்ந்திருப்பது அதுதான். யாரும் பார்க்கலாம், எடுக்கலாம், திருத்தலாம் என்று புரோகிராம்களைத் திறந்து வைத்திருக்கும் சர்வர்களை, ஏ.ஐ.க்குத் தீனி சேகரிக்கும் தானியங்கிகள் இரவு பகலாக மொய்க்கின்றன. சோர்ஸ்ஹட் தளத்தை நிறுவிய ட்ரூ டிவால்ட் 2025 மார்ச்சில் வெளிப்படையாகவே குமுறினார். சில வாரங்களில் தன் நேரத்தில் 20 சதவீதம், சில வாரங்களில் முழு நேரமுமே இவற்றை விரட்டுவதில் போகிறது என்றார்.

புரோகிராம் தளங்கள் மட்டும் ஏன் இப்படித் திண்டாடுகின்றன? செய்திப் பக்கத்தை ஒருமுறை தயாரித்தால் போதும், ஆயிரம் பேருக்குக் காட்டலாம். இங்கோ எந்த வரியை யார், எப்போது மாற்றினார் என்ற பல ஆண்டு சரித்திரமும் இருக்கிறது. கேட்கும்போதுதான் சர்வர் அதைக் கணக்கிட்டுப் பக்கமாக்குகிறது. பெரிய திட்டம் என்றால் இப்படி லட்சக்கணக்கான பக்கங்கள். மனிதர் நாலைந்தைப் பார்ப்பார். தானியங்கி அத்தனையையும் திறக்கும்.

'இங்கே வராதே' என்று தளங்கள் எழுதி வைக்கும் ரோபாட்ஸ் கோப்பு 1994 முதல் உள்ள நாகரிகம். அதைப் பல தானியங்கிகள் மதிப்பதில்லை. முகவரியைத் தடுத்தாலும் பயனில்லை. ஆயிரக்கணக்கான முகவரிகளிலிருந்து, சாதாரண வாசகர் வேடத்தில் வருகின்றன. ஃபெடோரா திட்டத்தின் நிர்வாகி ஒரு கட்டத்தில் பிரேசில் நாட்டையே தடுக்க வேண்டியதாயிற்று.

தன் சர்வர் திணறியதைக் கண்ட கனடாவின் சி யாசோ 2025 ஜனவரியில் 'அனுபிஸ்' என்ற காவலாளியை உருவாக்கினார். வருபவரின் கம்ப்யூட்டருக்கு அது ஒரு கணக்குக் கொடுக்கும். விடை வந்தால்தான் கதவு திறக்கும். ஒருவருக்கு இது சில விநாடி. லட்சம் பக்கம் கேட்பவருக்குப் பெருஞ்செலவு. க்னோம் திட்டத்தின் தளத்துக்கு இரண்டரை மணி நேரத்தில் வந்த சுமார் 81,000 கோரிக்கைகளில் தேறியவை 3 சதவீதமே.

வேலி நல்லவர்களையும் குத்துகிறது. பழைய போனில் வருபவர் காத்திருக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்டை அணைத்து வைத்திருப்பவருக்குக் கதவே திறக்காது. அதோடு, தானியங்கிகள் அனுபிஸின் கணக்கையும் போடக் கற்றுவிட்டதாக ஜெர்மனியின் கோட்பெர்க் 2025 ஆகஸ்டில் அறிவித்தது.

சுமை வெறும் எரிச்சல் அல்ல, பணம். சாஃப்ட்வேர் கையேடுகளை வெளியிடும் ரீட் த டாக்ஸ் 2024இல் ஏ.ஐ. தானியங்கிகளைத் தடுத்ததும், தினசரிப் போக்குவரத்து 800 ஜிகாபைட்டிலிருந்து 200 ஆக இறங்கியது. மிச்சம், மாதம் சுமார் 1,500 டாலர். கொடுப்பவர் கையிலிருந்துதான் அதுவரை அது போய்க்கொண்டிருந்தது.

வேடிக்கை என்னவென்றால், பக்கம் பக்கமாகச் சுரண்டத் தேவையே இல்லை. இந்தத் தளங்கள் பயன்படுத்தும் 'கிட்' முறையில், ஒரு திட்டத்தின் முழு சரித்திரத்தையும் ஒரே கட்டளையில் பிரதி எடுத்துக்கொள்ளலாம். அந்த வழி எல்லோருக்கும் திறந்தேதான் இருக்கிறது.