300 வார்த்தைக் கட்டுரைக்குப் பின்னாடி இருக்கிற சட்டம்

2024 மே 19, அதிகாலை. புனேயில் கல்யாணி நகர். அதிவேகமா வந்த ஒரு போர்ஷே கார், பைக்கில் போன ரெண்டு பேரை அடிச்சுத் தூக்குது. ரெண்டு பேருமே 24 வயசு சாஃப்ட்வேர் இன்ஜினியர்கள். நம்மைவிட மூணு வயசு மட்டும் மூத்தவங்க. ஓட்டினது 17 வயசுப் பையன். அன்னிக்கே ஜாமீன். நிபந்தனைகளில் ஒண்ணு, சாலை விபத்துகள் பற்றி 300 வார்த்தையில் ஒரு கட்டுரை எழுதணும்.

இந்த மீம் எல்லாம் நீங்க பாத்திருப்பீங்க. "நம்ம லேப் ரெக்கார்டே இதைவிடப் பெருசு"ன்னு நம்ம க்ரூப்பிலேயே சுத்துச்சு. ஆனா அந்த ஜாமீன் எப்படி வந்தது, ஏன் அந்தப் பையன் பேர் எந்தச் செய்தியிலும் வரலை, ஏன் அவனை வயது வந்தவனா விசாரிக்க முடியலைன்னு கேட்டா, "பணக்காரன், வேற என்ன"ன்னு ஒரே வரியில் முடிச்சுடறோம். பணம் ஒரு காரணமா இருக்கலாம். ரத்த மாதிரியை மாத்தினாங்கன்னு டாக்டர்களையே கைது பண்ணின வழக்கு அது. குடும்பத்து டிரைவரைப் பழியை ஏத்துக்கச் சொல்லி அடைச்சு வச்சாங்கன்னு அப்பா மேலயும் தாத்தா மேலயும் தனி வழக்கு. ஆனா அந்தத் தில்லுமுல்லு எதுவுமே நடக்கலைன்னாலும், சட்டம் கிட்டத்தட்ட இதே இடத்துலதான் வந்து நின்னிருக்கும். நான் சொல்ல வர்றது அந்தப் பகுதியைத்தான்.

2015-ல் வந்த இளைஞர் நீதிச் சட்டம், 18 வயசுக்குக் கீழ இருக்கிறவங்க செய்யற குற்றங்களை மூணு பெட்டியில் போடுது. அதிகபட்சத் தண்டனை 3 வருஷம் வரைன்னா சிறு குற்றம். 3-லிருந்து 7 வருஷம்னா கடுமையான குற்றம். குறைந்தபட்சத் தண்டனையே 7 வருஷம் அல்லது அதுக்கு மேலன்னா கொடிய குற்றம். இந்தக் கடைசிப் பெட்டிக்கு மட்டும்தான், 16 வயசு தாண்டினவங்களை வயது வந்தவங்களா விசாரிக்கலாமான்னு வாரியம் பரிசீலிக்க முடியும். மத்த ரெண்டுக்கும் அந்தக் கேள்வியே கிடையாது. அதிகபட்சம் மூணு வருஷம் சிறப்பு இல்லம், அவ்வளவுதான்.

இப்ப நீங்க கோடு எழுதறவரா இருந்தா இதுல ஒரு பக் உடனே கண்ல பட்டிருக்கும். அதிகபட்சம் 7 வருஷத்துக்கு மேல, ஆனா குறைந்தபட்சம்னு எதுவுமே சொல்லலைன்னா? அது எந்தப் பெட்டி? இஃப், எல்ஸ் இஃப், எல்ஸ் இஃப் எழுதி, எல்ஸை மறந்துட்டாங்க. கொலை ஆகாத மரணத்துக்கான பழைய 304-ம் பிரிவு சரியா அந்த ஓட்டையில்தான் விழுது. ஆயுள் தண்டனை வரைக்கும் போகலாம், ஆனா குறைந்தபட்சம் கிடையாது.

இந்த ஓட்டை வெளியே தெரிஞ்சது புனேயில் இல்லை. அதுக்கு எட்டு வருஷம் முன்னாடி டெல்லியில்.

2016 ஏப்ரல் 4, சிவில் லைன்ஸ். ரோட்டைக் கடந்துட்டிருந்த 32 வயசுக்காரர் ஒருத்தரை ஒரு மெர்சிடிஸ் அடிக்குது. அவர் இறந்துடறார். ஓட்டினவனுக்கு 18 ஆக இன்னும் சில நாள்தான் பாக்கி. அவனுக்கு இது முதல் தடவையும் இல்லை. போக்குவரத்து விதிமீறலுக்கு ஏற்கெனவே அபராதம் கட்டிய வரலாறு உண்டுன்னு அப்பவே போலீஸ் சொன்னாங்க. 2016 ஜூன்ல இளைஞர் நீதி வாரியம், இவனை வயது வந்தவனா விசாரிக்கலாம்னு உத்தரவு போட்டுச்சு. 2019-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செஞ்சது. இறந்தவரோட அக்கா உச்ச நீதிமன்றம் போனாங்க.

2020 ஜனவரி 9. நீதிபதிகள் தீபக் குப்தா, அனிருத்தா போஸ் தீர்ப்பு சொன்னாங்க. சட்டத்துல ஓட்டை இருக்கறது உண்மைதான், ஆனா நாடாளுமன்றம் எழுதாததை நாம 'கொடிய குற்றம்'னு இழுத்து நிரப்ப முடியாது. அதனால குறைந்தபட்சத் தண்டனை இல்லாத இந்த நாலாவது வகையை எல்லாம் 'கடுமையான குற்றம்'னே நடத்தணும். அரசியல் சாசனத்தின் 142-ம் பிரிவு அதிகாரத்தை வச்சு அப்படி உத்தரவு போட்டாங்க. அடுத்த வருஷம் நாடாளுமன்றம் திருத்தம் கொண்டு வந்தப்ப, அதே அர்த்தத்தையே சட்டமாக்கிடுச்சு. அதாவது பக்கை ஃபீச்சர் ஆக்கிட்டாங்க. புனே வழக்குல பையன் தரப்பு வக்கீல் கையில் எடுத்ததும் இந்த 2020 தீர்ப்பைத்தான். 2025 ஜூலையில் வாரியம், அவனை வயது வந்தவனா விசாரிக்க முடியாதுன்னு சொல்லிடுச்சு.

அந்த டெல்லித் தீர்ப்புல இன்னொரு விஷயம் இருக்கு. யாரும் அதிகம் பேசினதில்லை. உயர் நீதிமன்றம் தன் தீர்ப்புல அந்தப் பையன் பேரை எழுதிடுச்சு. உச்ச நீதிமன்றம் அதைச் சுட்டிக்காட்டி, பேரை நீக்கித் திருத்துங்கன்னு உத்தரவு போட்டுச்சு. காரணம் 74-ம் பிரிவு. பேர், முகவரி, பள்ளி, அடையாளம் தெரியற எதையும் வெளியிடக் கூடாது. மீறினா ஆறு மாசம் வரை ஜெயில், இல்லைன்னா 2 லட்சம் வரை அபராதம். இது பத்திரிகைக்கு மட்டும் இல்லை, எந்தத் தகவல் ஊடகத்துக்கும் பொருந்தும். புனே விபத்து நேரத்துல அந்தப் பையன் போட்டோன்னு சொல்லி ஸ்டேட்டஸ் வச்சவங்க நம்ம பேட்ச்லயே இருந்தாங்க. அவங்களுக்கு இது தெரிஞ்சிருக்காது.

இதோட முடியலை. 24-ம் பிரிவுப்படி, மேல்முறையீட்டுக் காலம் முடிஞ்சதும் தண்டனைப் பதிவேட்டையே அழிச்சுடணும். வயது வந்தவரா விசாரிக்கப்பட்டுத் தண்டனை வந்த கொடிய குற்றம்னா மட்டும்தான் விலக்கு. வாரியம் பார்க்கிற சமூக விசாரணை அறிக்கை ரகசியம். வழக்கு முடிஞ்சவனோட பதிவை நன்னடத்தைச் சான்றிதழுக்காகக்கூட போலீஸ் வெளியே சொல்லக் கூடாது. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு மட்டும் வழக்குக் காகிதங்களைப் பார்க்கிற உரிமையைச் சட்டம் விட்டு வச்சிருக்கு. அதுவாவது இருக்கே.

இதை மொத்தமா தப்புன்னு சொல்ல எனக்கு மனசு வரலை. 15 வயசுல ஒரு செல்போன் திருடினவன், 22-ல் கேம்பஸ் இன்டர்வ்யூக்கு வரும்போது ஹெச்.ஆர். கூகுள் பண்ணி அந்தப் பழசை எடுத்தா, அவன் எங்க போவான்? அந்தப் பையனுக்காக எழுதின சட்டம் இது. மறைக்கிறதுக்கு நியாயம் இருக்கு. ஜாமீனும் அப்படித்தான். 12-ம் பிரிவுப்படி சிறாருக்கு ஜாமீன்தான் விதி, மறுக்கிறது விதிவிலக்கு. புனேயில் மக்கள் கொதிச்சதும் வாரியம் மூணே நாள்ல அவனைக் கண்காணிப்பு இல்லத்துக்கு அனுப்புச்சு. ஜூன்ல பம்பாய் உயர் நீதிமன்றம் அது சட்டப்படி செல்லாதுன்னு வெளியே விடச் சொல்லிடுச்சு. கோபத்துக்காக ஜாமீனைத் திருப்பி வாங்கக் கூடாதுங்கறது எனக்குச் சரியாத்தான் படுது.

எனக்கு உறுத்தறது வேற இடம். திருட்டும் வண்டி ஓட்டறதும் ஒண்ணு இல்லை. திருட யாரும் லைசென்ஸ் வாங்க வேண்டியதில்லை. வண்டி ஓட்ட அரசாங்கம் கையெழுத்துப் போட்டு அனுமதி தரணும். அந்தக் கையெழுத்துப் போடற ஆர்.டி.ஓ.வுக்கு, இவன் ஏற்கெனவே ஓட்டி ஒருத்தரைக் கொன்னிருக்கான்னு தெரியணுமா வேண்டாமா? ஊருக்குத் தெரிய வேண்டாம், ஹெச்.ஆருக்குத் தெரிய வேண்டாம். ஆர்.டி.ஓ.வுக்கும் அடுத்த நீதிபதிக்கும்? கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல ஃபீட்பேக் லைனை வெட்டிட்டு வரைஞ்சா மார்க் போட மாட்டாங்க.

2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்துல சேர்த்த 199ஏ பிரிவு இதைப் பாதி புரிஞ்சுக்கிச்சு. அந்தச் சட்டப்படி குற்றம் செஞ்ச சிறாருக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ், எல்.எல்.ஆர். எதுவும் கிடையாது. நல்ல விதி. ஆனா ஒரு பக்கம் 25 வயசு வரை ஞாபகம் வச்சுக்கோன்னு ஒரு சட்டம், இன்னொரு பக்கம் பதிவை அழிச்சுடுன்னு இன்னொரு சட்டம். தடையைப் பதிவா எடுக்கறதா, தண்டனையை மட்டும் பதிவா எடுக்கறதான்னு ரெண்டு சட்டமும் ஒண்ணையொண்ணு பாத்துப் பேசிக்கவே இல்லை. தண்டனைப் பதிவை அழிச்சாலும் லைசென்ஸ் தடையை மட்டும் தனியா ஆர்.டி.ஓ. கணினியில் வைக்கணும்னு ஒரு வரி சேர்த்தாப் போதும். பேரை யாருக்கும் சொல்லத் தேவையே இல்லை.

வயது வந்தவங்க விஷயத்துல மட்டும் எல்லாம் சரியான்னு கேட்டா, அதுவும் இல்லை. அங்க ரகசியம் கிடையாது, தளர்வு மட்டும் உண்டு. கவனக்குறைவால மரணம்னா பழைய 304ஏ-ல் அதிகபட்சமே 2 வருஷம். பஞ்சாப் வழக்கு ஒண்ணுல ரெண்டு பேர் செத்ததுக்குக் கொடுத்த ஒரு வருஷத் தண்டனையை, இழப்பீடு கட்டிட்டார்னு உயர் நீதிமன்றம் ஏற்கெனவே ஜெயில்ல இருந்த 24 நாளாக் குறைச்சுடுச்சு. 2015-ல் உச்ச நீதிமன்றம் அதை ஆறு மாசமா உயர்த்தி, இந்தத் தண்டனை அளவை மறுபடி யோசிங்கன்னு சட்டம் இயற்றறவங்களுக்குச் சொன்னது. இப்ப பாரதிய நியாய சன்ஹிதாவுல 106(1)-ன்படி 5 வருஷம் வரை. அடிச்சுட்டு ஓடினா 10 வருஷம்னு சொல்ற 106(2), லாரி டிரைவர்கள் போராட்டத்துக்கு அப்புறம் அமலுக்கே வரலை. குடிச்சுட்டு ஓட்டி மாட்டினா முதல் தடவை 10,000 ரூபாய் அல்லது 6 மாசம் வரை, அடுத்த தடவை 15,000 அல்லது 2 வருஷம் வரை. 'அடுத்த தடவை'ன்னு நிரூபிக்கணும்னா முதல் தடவையோட பதிவு யாராவது கோர்ட்டுக்கு எடுத்துட்டு வரணும். மறுபடியும் அதே ஃபீட்பேக் லைன்.

199ஏ-ல நமக்கு நேரடியா சம்பந்தப்பட்ட பாதி இன்னும் பாக்கி. 16 வயசுல எல்.எல்.ஆர். வாங்கி ஓட்டக்கூடியது 50 சி.சி. வரைதான். டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 கூட அதுக்கு ரெண்டு மடங்கு. ப்ளஸ் டூ தம்பி அதை எடுத்துட்டு டியூஷன் போய் யாரையாவது இடிச்சா, பாதுகாவலர் அல்லது வண்டியோட உரிமையாளர் குற்றவாளி: 3 வருஷம் வரை ஜெயில், 25,000 ரூபாய் அபராதம், 12 மாசத்துக்கு வண்டிப் பதிவு ரத்து. சம்மதத்தோடதான் எடுத்தான்னு கோர்ட் முதல்லயே வச்சுக்கும். எனக்குத் தெரியாமன்னு நிரூபிக்கிறது உங்க வேலை. ஆர்.சி. புக்குல யார் பேர் இருக்குன்னு எடுத்துப் பாருங்க, ஃபைனல் இயர்ல நிறைய பேருக்கு அது சொந்தப் பேராத்தான் இருக்கும். அவன் பேர் வெளியே வராது, 74-ம் பிரிவு இருக்கு. 18 தாண்டின உங்க பேருக்கு அந்தப் பிரிவு கிடையாது.