மேல்மண்ணுக்கு ஒரு தனிக் குவியல்

காரமடை தாண்டி மேட்டுப்பாளையம் போகிற வழியில், மனைக்காக ஜேசிபி வெட்டிவிட்ட மேடு ஒன்று. மேலே ஒரு முழத்துக்கும் குறைவாகக் கறுத்த செம்மண். அதில் கொழுக்கட்டைப்புல்லின் வேர்க்கொத்து. அதற்குக் கீழே ஆளுயரத்துக்குச் சரளை. ‘கிராவல்’ என்று டிப்பரில் ஏறுவது இந்தச் சரளைதான். மேலே இருக்கிற அந்த ஒரு முழத்துக்கு யாரும் விலை கேட்பதில்லை. சரளை எடுத்த குழியில் மறுபடியும் பயிர் பார்க்க வேண்டுமென்றால் அது இல்லாமல் ஆகாது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து ஏக்கர் மேட்டாங்காடு. பக்கத்துத் தோட்டம் சரியாமலிருக்க எல்லையோரம் 7.5 மீட்டர் விடுவது சுரங்க விதி. சுற்றிலும் விட்டால் ஒரு ஏக்கர் போய்விடும். மிச்சம் நான்கு ஏக்கரில் ஓரடி மேல்மண்ணை வழித்தால் ஏறக்குறைய 1,700 யூனிட். எங்கே கொட்டுவது? ஆளுயரத்துக்கு மேல் குவித்தால் அடியில் காற்றுப் போகாது. வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சைகளும் புல் விதைகளும் செத்துவிடும். பிறகு அது வெறும் தூசி.

நிலத்தை நான்கு பாத்தியாகப் பிரித்துக்கொண்டால் சிக்கல் தீரும். முதல் பாத்தியின் மேல்மண் மட்டும் எல்லையோரம் குவியும். இரண்டாவதை வழிக்கும்போது அந்த மண் நேரே முதல் குழியின் தரைக்குப் போகும். மூன்றாவதன் மண் இரண்டாவதற்கு. ஓரத்தில் காத்திருந்த குவியல் கடைசிக் குழிக்கு. எந்த நேரமும் குவியலில் இருப்பது சுமார் 425 யூனிட்தான், டீசலும் மிச்சம். ஐப்பசி மழைக்கு முன், மண் காய்ந்திருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். ஈரத்தில் டிப்பர் ஓடினால் தரை சிமென்ட் தளம்போல் இறுகிவிடும். மண் பரப்புமுன் ஐந்து கொத்துக் கலப்பையை ஆழமாக விட்டு உடைத்தாக வேண்டும். முதல் போகத்துக்குக் கொழிஞ்சி விதைக்கலாம். சரளையிலும் வரும், மண்ணில் தழைச்சத்தும் சேர்க்கும்.

சரிவும் முக்கியம். சரளை, களிமண் போன்ற இளகிய நிலத்தில் பக்கச்சுவர் 45 பாகைக்கு மேல் செங்குத்தாக இருக்கக்கூடாது, அல்லது 1.5 மீட்டருக்கு மிகாத படிகளாக வெட்ட வேண்டும் என்கின்றன 1961ஆம் ஆண்டின் சுரங்க ஒழுங்குமுறைகள். மலையடிவாரத்தில் இதை மீறினால், மழைவெள்ளம் குழியின் விளிம்பில் அருவியாக விழுந்து, விளிம்பைப் பின்னோக்கித் தின்றுகொண்டே மேல்காட்டுக்குப் போகும்.

திட்டமில்லாமல் தோண்டினால் என்னாகும் என்பதற்குத் தடாகம் பள்ளத்தாக்கு போதும். சின்னத்தடாகம், 24 வீரபாண்டி, நஞ்சுண்டாபுரம், சோமையம்பாளையம், பன்னிமடை ஆகிய ஐந்து ஊராட்சிகளில் செங்கல் சூளைக்காகச் செம்மண்ணை அள்ளினார்கள். 2021இல் 186 சூளைகள் மூடப்பட்டன. ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த சிறு குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2012 பிப்ரவரியிலேயே.

இங்கிலாந்தின் காட்ஸ்வோல்டில் சரளைக் குழிகள் நூற்றுக்கு மேற்பட்ட ஏரிகளாகிவிட்டன. அதைப் பார்த்து இங்கேயும் ஏரி கேட்பவர்கள் உண்டு. அங்கே நிலத்தடி நீர் மேலேயே நிற்கிறது. நம் மேட்டாங்காட்டில் குழியில் விழும் மழை, வெயிலுக்குப் பாதியும் தரைக்குப் பாதியுமாகப் போய்விடும். கடைசிப் பாத்தியைச் சற்றுத் தாழ்த்திக் குட்டையாக விடலாம், அவ்வளவுதான். மற்ற மூன்றில் கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேலும் வந்தால் அது கொறங்காடு, மாடு மேயும்.

தடாகத்தில் மேய வந்தது யானை. சூளைக்கு எரிக்க அடுக்கியிருந்த பனைமரத் துண்டுகளின் சோற்றைத் தேடி வந்தது.