முப்பது விநாடிக்குள் ஒரு டியூப்

கற்பிட்டியிலிருந்து பாலாவிச் சந்திக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர். சந்தியைத் தாண்டினால் புத்தளம் ஆதார வைத்தியசாலை கிட்ட. சிலாபம் பொது வைத்தியசாலை என்றால் தெற்கே இன்னும் வெகுதூரம் ஓடவேண்டும். இந்தக் கரையில் நடுச்சாமம் மூச்செடுக்காமல் ஒரு பிள்ளை பிறந்தால், முன்னால் நிற்பவர் உள்ளகப் பயிற்சி முடித்துவந்த இளம் வைத்தியராக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பிள்ளையின் மூச்சுக்குழாய்க்குள் டியூப் போடும்போது அவருடைய கை தவறுமா? தவறும். மெல்போர்ன் பிரசவ வைத்தியசாலையொன்றின் காணொளிகளை வைத்து 2006இல் வெளியான ஆய்வில், பயிலும் வைத்தியர்களின் முயற்சிகளில் 24 சதவீதமே பலித்தன, நிபுணர்களுக்கு 86.

தடுமாற்றம் எங்கே? பதற்றத்தில், தொண்டைக்குள் பார்க்க உதவும் லரிங்கோஸ்கோப்பின் அலகை ஆழமாக இறக்கிவிட்டால் தெரிவது உணவுக்குழாயின் வாய்தான். மெல்லப் பின்னிழுத்தால் குரல்வளை மூடி தென்படும், அதன் கீழே குரல் நாண்கள். கழுத்து அதிகம் நிமிர்ந்தாலும் மடிந்தாலும் அவையும் மறைந்துபோகும். தோளுக்கடியில் மடித்து வைத்த சிறு துவாய் பாதி வேலையைச் செய்துவிடும். ஒரு முயற்சிக்கு 30 விநாடிதான்.

பழகச் சந்தர்ப்பமும் அருகிவிட்டது. பனிக்குட நீரில் மலம் கலந்து, பிள்ளை சோர்ந்து பிறந்தால் உடனே டியூப் போட்டு உறிஞ்சும் வழக்கத்தை 2015இன் அமெரிக்க வழிகாட்டல் கைவிட்டது. டியூப் இல்லாமலே மூக்கு வழியாகக் காற்றழுத்தம் கொடுக்கும் சீபாப் கருவியும் பரவியது. பிள்ளைகளுக்கு நல்லதுதான், பழகவேண்டிய கைக்குத்தான் நட்டம்.

அதனால் கையை மட்டும் குறைசொல்வது சரியில்லை. மெல்போர்னிலேயே 2015இல் வந்த இன்னோர் ஆய்வில், திரையில் பார்த்தபடி பயிற்றுநர் வழிகாட்டியபோது முதல் முயற்சியின் வெற்றி 41இலிருந்து 66 சதவீதமானது. டப்ளினில் 2024இல் வெளியான ஆய்வில் வீடியோ லரிங்கோஸ்கோப் அதை 45இலிருந்து 74க்கு உயர்த்தியது. கருவி விலை கூடியது, சரி. ஆனால் பக்கத்தில் நின்று “முப்பது செக்கன் ஆச்சு, டொக்டர்” என்று சொல்லும் தாதிக்கும், அதைக் கேட்டு நிறுத்தும் வைத்தியருக்கும் பெரிய செலவில்லை.

நிறுத்தி, மாஸ்க்கால் காற்றுக் கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நெஞ்சு எழும்பி இதயத்துடிப்பு ஏறினால் அந்த நேரத்துக்கு அதுவே போதும். கரையோரச் சிறு வைத்தியசாலைகளில் முதலில் பழக்கவேண்டியது மாஸ்க்தான், டியூப் பிறகு என்பேன்.

டியூப் போய்விட்டாலும் அலுவல் முடியவில்லை. கார்பனீரொக்சைட் காட்டி ஊதாவிலிருந்து மஞ்சளாகவேண்டும். நிறையோடு ஆறைக் கூட்டினால் உதட்டில் நிற்கவேண்டிய சென்ரிமீற்றர் கிடைக்கும்: இரண்டு கிலோப் பிள்ளைக்கு எட்டு. பெரிய வைத்தியசாலைக்குக் குலுங்கிப் போகும் வழியில் டியூப் நழுவும். அந்த இலக்கத்தைத் துண்டில் எழுதி, மாஸ்க்கையும் பையையும் கைக்கெட்ட வைத்துக்கொண்டுதான் அம்புலன்ஸ் புறப்படவேண்டும்.