குளிரை உள்ளே இழுக்கும் நெருப்பு

ஊட்டியில் வீடு கட்டுகிறவர்கள் ஏதாவது ஒரு கட்டத்தில் மேஸ்திரியிடம் கேட்டுவிடுவார்கள்: ஹாலில் ஒரு பயர்பிளேஸ் வைத்துவிடலாமா? வெள்ளைக்காரர் காலத்துப் பங்களாக்கள் பலவற்றில் கணப்பு உண்டு. ஜனவரி உறைபனியில் அதன் முன்னால் உட்காரும் ஆசை யாருக்குத்தான் வராது? ஆனால் அறையைச் சூடாக்க அதை நம்பினால் ஏமாற்றம்தான்.

எரியும் விறகிலிருந்து கிளம்பும் புகை சூடானது, அதனால் இலேசானது. அது புகைபோக்கியில் ஏற ஏற, அறைக் காற்றும் பின்னாலேயே இழுபட்டுப் போகும். நெருப்புக்கு வேண்டியதைப்போலப் பல மடங்கு காற்று இப்படி வெளியேறுகிறது. போன காற்றுக்கு ஈடாக ஜன்னல் இடுக்கிலும் கதவடியிலும் நுழைவது வெளியே இருக்கிற பனிக்காற்று. சந்தேகம் இருந்தால், நெருப்பு நன்றாக எரியும்போது மூடிய ஜன்னலின் விளிம்பருகே ஓர் ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். நேரே எழும் புகை சட்டென்று அறைப் பக்கம் மடங்கும். முகம் தகிக்க முதுகு விறைப்பது இதனால்தான். முகத்துக்கு வருவது கதிர்வீச்சு. இடையில் உள்ள காற்றைச் சூடாக்காமலே நேராக உடம்புக்கு வந்துவிடும். விறகு தரும் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு அறைக்குத் தங்கினாலே அதிகம்.

இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர் ரம்ஃபோர்டு பிரபு என்ற பெஞ்சமின் தாம்சன். பீரங்கியைக் குடையும்போது எழுந்த சூட்டைக் கவனித்து, வெப்பம் ஒரு பொருளல்ல, இயக்கமே என்று வாதிட்டவர். 1790களில் லண்டன் வீடுகளின் புகைகிற கணப்புகளைத் திருத்த இறங்கினார். அடுப்பின் ஆழத்தைக் குறைத்தார், பக்கச் சுவர்களைச் சாய்த்தார், புகைபோக்கியின் கழுத்தைக் குறுக்கினார். அவ்வளவுதான். சாய்ந்த சுவர் கதிர்களை அறைக்குத் திருப்பியது. குறுகிய கழுத்து வீணாகப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தியது. இருநூறு வருஷத்துக்குப் பிறகும் பெட்டி மாதிரி ஆழமாகக் கட்டிய புதுக் கணப்புகளைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

ஊட்டிக்கென்று தனிச் சிக்கலும் உண்டு. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடச் சுமார் கால் பங்கு குறைவு. புகைபோக்கியின் இழுவை, உள்ளே இருக்கும் சூடான காற்றுக்கும் வெளியே இருக்கும் குளிர்காற்றுக்கும் உள்ள எடை வித்தியாசத்தால் பிறப்பது; அதுவும் அதே அளவுக்குக் குறையும். சமவெளிக் கணக்கில் கட்டினால் புகை ஹாலுக்கே திரும்பலாம்.

அடுத்தது விறகு. இங்கே எளிதில் கிடைப்பது கற்பூர மரமும் சீகையும். வெட்டிய கையோடு எரித்தால், எடையில் பாதியளவுக்குத் தண்ணீர் இருக்கும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கவே 2.26 மெகாஜூல் வேண்டும். அந்த நஷ்டத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஈர விறகில் நெருப்பு மந்தமாகி, முழுதாக எரியாத தார் ஆவி புகைபோக்கிச் சுவரில் படிகிறதே, அதுதான் ஆபத்து. பின்னொரு நாள் அந்தப் படிவே தீப்பிடிக்கும். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்க, பிளந்து அடுக்கிக் கூரைக்கடியில் பல மாதம் காயவிட வேண்டும். வருஷத்தில் பாதி நாள் மழையும் மூடுபனியுமாக இருக்கிற ஊரில் இது சாதாரண வேலையில்லை.

எல்லாவற்றையும் சமாளித்தாலும் இராத்திரி ஒரு கேள்வி காத்திருக்கிறது. படுக்கப் போகும்போது கங்கு இன்னும் கனன்றுகொண்டிருக்கும். புகைபோக்கியின் மூடியைத் திறந்தே விட்டால் இருக்கிற கதகதப்பும் விடிய விடிய அதன் வழியே போய்விடும். மூடினால் கார்பன் மோனாக்சைடு அறையில் சேரும். அதற்கு மணமில்லை, தூங்குகிறவரை எழுப்பாது. திறந்த கணப்பில் இதற்கு நல்ல வழியே கிடையாது.

கண்ணாடிக் கதவு வைத்த இரும்பு அடுப்பு, எரியத் தேவையான காற்றை வெளியிலிருந்தே தனிக் குழாயில் எடுத்துக்கொள்ளும்படி அமைத்தால், அறைக் காற்றைத் தொடுவதில்லை. நல்ல அடுப்புகள் விறகின் வெப்பத்தில் 70 சதவீதத்துக்கு மேல் வீட்டுக்குக் கொடுக்கின்றன. பங்களாவின் களை கொஞ்சம் குறையும், வாங்கும் செலவும் கூடும். என்னைக் கேட்டால் அதைத்தான் வைக்கச் சொல்வேன். தணலைப் பார்த்துக்கொண்டு உட்கார அந்தக் கண்ணாடியே போதும்.